எல்லாத்துக்கும் ஒரே டப்பா

“மாத்திரையை யாரு நிறுத்தச் சொன்னது?”

“யாரும் சொல்லலை டாக்டர். நானாதான்...”

“மூணு மாசத்துல எட்டு கிலோ குறைஞ்சிருக்கார். ஒழுங்கா சாப்பிடுறாரா?”

“நல்லாதான் துன்றாரு. ஆனா துன்னது ஒடம்புல ஒட்ட மாட்டேங்குது. கக்கூஸ்ல எண்ணெயாட்டம் மெதக்குது.”

ஆஸ்பத்திரிக் கட்டிலில் கிடந்த பால்ராஜ் சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டான். பெண்டாட்டி ரெனிதா நாலு பேர் காதில் விழ இதைச் சொல்வது அவனுக்கு வெட்கமாக இருந்தது. அவளுக்கோ வெட்கப்பட நேரமில்லை.

டாக்டர் அகல்யா குரலைத் தணித்தாள். “சோறு உள்ள போனா மட்டும் போதாதும்மா. அதைப் பொடிப்பொடியா வெட்டினாதான் உடம்பு இழுத்துக்கும். வெட்டுறது என்சைம். மாவுக்கு ஒண்ணு, கொழுப்புக்கு ஒண்ணு, புரதத்துக்கு ஒண்ணு. ஒண்ணோட வேலையை இன்னொண்ணு செய்யாது. இவரோட கணையத்தால அதைச் சுரக்க முடியல. அதான் ஒவ்வொரு வேளை சாப்பாட்டோடயும் அந்த மாத்திரை.”

“அதுக்குப் பதிலா ஒரு பவுடர் குடுத்தேன். அதுவும் என்சைம்தான்னாங்க. சுகர், மூட்டுவலி, கணையம், எல்லாத்துக்கும் ஒரே டப்பா.”

“மாத்திரையில இருக்கற என்சைமையே வயித்து அமிலம் கெடுத்துடும்னு மேல பூச்சு பூசி அனுப்புறாங்க. உங்க பவுடருக்கு யாரு பூசினாங்க?”

ரெனிதாவுக்கு முகத்தில் அறைந்ததுபோல் இருந்தது. அம்பத்தூர் எஸ்டேட் தையல் கம்பெனியில் ஒன்பது வருடமாகப் பொத்தான் துளை போடும் காஜா மிஷின் ஓட்டுகிறாள். அதில் காலர் தைக்கச் சொன்னால், சொன்னவனைச் சிரித்தே விரட்டியிருப்பாள். அப்படிப்பட்டவள்தான் எல்லா நோவுக்கும் ஒரே பொடி என்றதை நம்பினாள். மேனாம்பேட்டில் வெள்ளிக்கிழமைதோறும் நடக்கும் வீட்டு ஜெபத்தில், ஆண்டவர் செய்த நன்மையை எழுந்து சாட்சி சொல்லும் நேரத்தில் அல்லவா அதை விற்றார்கள்? சாட்சியைச் சந்தேகித்தால் விசுவாசம் இல்லாதவள் என்று பெயராகிவிடுமே!

பழைய மாத்திரையைத் திரும்பத் தொடங்கிய பிறகு பால்ராஜ் மெல்லத் தேறினான். அவன் வீடு திரும்பியதும் வந்த வெள்ளிக்கிழமை சாயங்காலம் ரெனிதா ஜெபத்துக்குப் போனாள். பவுடர் விற்கும் எவாஞ்சலின் வாயெல்லாம் பல்லாக வரவேற்றாள்.

“வாம்மா ரெனிதா. எழுந்து ஒரு சாட்சி சொல்லு. நாலு குடும்பத்துக்கு ஆசீர்வாதமா இருக்கும்.”

ரெனிதா எழுந்தாள். “சொல்றேங்க்கா. உங்க டப்பாவை நம்பி மாத்திரையை நிறுத்தினேன். எம் புருசன் எலும்பும் தோலுமா ஆஸ்பத்திரில கெடந்தாரு.”

“ஸ்தோத்திரம்! இன்னா பேசுற நீ? உனக்கு விசுவாசம் பத்தல.”

“விசுவாசம் ஆண்டவர் மேல கீதுக்கா. டப்பா மேல எதுக்கு? அவர் பேரைச் சொல்லி இதை விக்க உங்களுக்கு நாக்கு கூசல?”

எவாஞ்சலின் சட்டென்று பாட்டைத் தொடங்கினாள். கூடப் பாட யாரும் வாய் திறக்கவில்லை.

“நோவுல கெடக்கறவங்க கிட்ட பொய்யை விக்கறது கொலைக்குச் சமம். டாக்டரை ஒரு வார்த்தை கேக்காம அதை வாங்கி ஊட்டினேனே, அந்தப் பாவத்துல எனக்கும் பங்கு கீது. யாரு சாட்சி சொன்னாலும் சரி, டாக்டரைக் கேக்காம மாத்திரையை நிறுத்தாதீங்க.”

சொல்லி முடித்தபோதுதான் கதவோரம் ஜஸ்டின் கண்ணில் பட்டார். பல வருடமாகச் சர்க்கரைக்கு ஊசி போட்டுக்கொள்பவர். கட்டுப் போட்ட வலது காலை நீட்டி வைத்திருந்தார். மடியில் பிரிக்காத புது டப்பா ஒன்று இருந்தது.

ரெனிதா அவர் முன்னால் போய் மண்டியிட்டாள்.

“அண்ணாத்தே, ஊசியை நிறுத்திட்டியா? அந்த டப்பாவை இங்கயே வெச்சிட்டு எழுந்திரு. வாசல்ல ஆட்டோ நிக்குது, இப்பவே டாக்டர் கிட்ட போயிடலாம். வா அண்ணாத்தே...”