கட்டைவிரல் மேடு

எங்கள் குழுவில் ஆறு பேர். எல்லோருக்கும் பிழைப்பு படம் வரைவதுதான். திங்கட்கிழமை காலை ஒரு சொல் வரும். ஞாயிறு மாலை ஆறு மணிக்குள் அதற்கு ஒரு படம் வரைந்து குழுவில் போட்டுவிட வேண்டும். பரிசு, பாராட்டு எதுவும் கிடையாது. ஆனால் ஒரு வாரம் தவறினால் மற்ற ஐந்து பேரும் செய்கிற கிண்டல் இருக்கிறதே, அதைக் கேட்பதற்கு வரைந்தே தொலைக்கலாம்.

அந்த வாரத்துச் சொல் 'திறப்பது'. சொல் வந்த கையோடு மீசையின் செய்தியும் வந்தது. மீசை எங்கள் குழுவில் மூத்தவர். அவருக்கு மீசை கிடையாது என்பது தனிக் கதை. நான் வரைகிற கைகளெல்லாம் ஒரே கையாக இருக்கிறதே, முத்திரை செய்து வைத்துக் குத்துகிறாயா என்று கேட்டிருந்தார். எனக்குச் சுருக்கென்றது. பத்தொன்பது வருடமாகக் குழந்தைகள் புத்தகத்துக்கு வரைகிறவளிடம் கேட்கிற கேள்வியா இது?

ஒரே கைதான், அதை நான் மறுக்கவில்லை. அது என் அக்காவின் வலது கை. என் வலது கை பென்சிலைப் பிடித்துக்கொண்டிருக்கும்போது வேறு யார் கையைப் பார்த்து வரைவதாம்? அக்காவும் நானும் ஒரே வீட்டில் இருக்கிறோம். அவள் பல் செட் செய்கிற லேபில் மெழுகில் பல் செதுக்குகிறாள். முன்பல் என்றால் அந்த அம்மாவே செய்யட்டும் என்று டாக்டர்கள் சீட்டில் எழுதி அனுப்புவார்கள். லேபில் போன மாதம் ஒரு மெஷினை இறக்கியிருந்தார்கள். அது கடைவாய்ப் பல்லோடு சரி, முன்பல்லுக்கு இன்னும் அக்காதான்.

மீசையின் வாயை அடைக்க வேண்டுமே. சனிக்கிழமை காலை அக்காவைச் சாப்பாட்டு மேஜை முன் உட்காரவைத்து, ஜாம் பாட்டில் மூடியைத் திறப்பதுபோல் பிடிக்கச் சொன்னேன். கண்ணுக்குத் தெரிவதை மட்டும் வரைவது, அழிக்கவே கூடாது என்று எனக்கு நானே ஒரு வீம்பு.

வரைய வரைய ஏதோ இடித்தது. கட்டைவிரலுக்குக் கீழே, உள்ளங்கையில் ஒரு சதைமேடு இருக்குமே, அது என் படத்தில் தட்டையாக வந்தது. வழக்கம்போல் நான்தான் சொதப்புகிறேன் என்று ரப்பரை எடுத்தேன். வீம்பு நினைவுக்கு வந்தது, கீழே வைத்துவிட்டு அக்காவின் கையை மறுபடி பார்த்தேன். மேடு அங்கேயே இல்லை. அந்த இடம் குழிந்திருந்தது.

நிஜமாகவே மூடியைத் திறக்கச் சொன்னேன். அவள் திருகினாள். கை வழுக்கியது. ஈரம் என்று சொல்லி, முந்தானையில் துடைத்துவிட்டு மறுபடி திருகினாள். பிறகு, எனக்குத் தெரியாது என்று நினைத்துக்கொண்டு, பாட்டிலை இடது கைக்கு மாற்றினாள்.

"எத்தனை நாளாக்கா இப்படி?"

அக்கா எழுந்து அடுப்படிக்குப் போனாள். பின்னாலேயே போய் நச்சரித்தேன். கடைசியில்தான் வாயைத் திறந்தாள். விரல் மரத்துப் போகிறதாம். கை ஓய்ந்துவிட்டது என்று லேபில் தெரிந்தால் அடுத்த நாளே மெஷினுக்கு முன்பல்லையும் பழக்கிவிடுவார்களாம். எனக்கு வந்த கோபத்தில் பாதி பயம். அரை மணி நேரத்தில் அவளை டாக்டரிடம் இழுத்துக்கொண்டு போனேன்.

மணிக்கட்டில் ஒரு நரம்பு நெரிபடுகிறது, அதனால்தான் அந்தச் சதை வற்றுகிறது என்றார் டாக்டரம்மா. சின்ன ஆபரேஷன்தான். ஆனால் வற்ற ஆரம்பித்து எவ்வளவு காலம் என்பது முக்கியம். சில மாதம்தான் என்றால் பலம் பெரும்பாலும் திரும்பிவிடும், ரொம்ப நாள் ஆகியிருந்தால் சொல்வதற்கில்லை. எப்போது ஆரம்பித்தது என்று கேட்டார். இரண்டு வாரம் என்றாள் அக்கா, கண்ணைக்கூடச் சிமிட்டாமல். டாக்டரம்மா அவள் கையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். திங்கட்கிழமை நரம்பு டெஸ்டுக்கு வரும்போது நன்றாக யோசித்துச் சொல்லுங்கள் என்று அனுப்பிவிட்டார்.

வீட்டுக்கு வந்ததும் என் நோட்டுகளையெல்லாம் எடுத்துப் போட்டேன். வாரத்துக்கு ஒரு பக்கம், ஒவ்வொன்றிலும் தேதி, ஒவ்வொன்றிலும் அக்காவின் கை. இதைவிடச் சாட்சி வேறென்ன வேண்டும்? போன வாரத்திலிருந்து பின்னோக்கிப் புரட்டினேன். சோப்பு வாரம், கடித வாரம், சாவி வாரம், குடை வாரம். எல்லாப் பக்கத்திலும் மேடு கொழுகொழுவென்று இருந்தது. மீசை சொன்னது சரிதான். முத்திரைதான் குத்தியிருக்கிறேன். எனக்கு அழுகை வந்துவிட்டது.

பிறகுதான் ஒன்று தோன்றியது. நான் பென்சிலை அழுத்தி வரைந்து, திருத்திய பிறகுதான் மேலே மையால் கோடு இழுப்பேன். அழித்தாலும் தாளில் தடம் போகாது. சோப்பு வாரத்துப் பக்கத்தை ஜன்னல் ஓரம் கொண்டுபோய் வெளிச்சத்துக்குச் சாய்த்துப் பிடித்தேன். மைக்கோட்டுக்கு உள்ளே இன்னொரு கோடு பள்ளமாகத் தெரிந்தது. தட்டையான மேடு. கடித வாரத்தில் அவ்வளவு தட்டையில்லை. ஒவ்வொரு வாரமாகப் பின்னால் போகப் போக, பள்ளக்கோடு மைக்கோட்டை நெருங்கிக்கொண்டே வந்தது. சாவி வாரத்தில் இரண்டுக்கும் நடுவே ஒரு நூல் இடைவெளி. அதற்கு முந்தைய குடை வாரத்தில் ஒரே கோடு, அழித்த தடமே இல்லை.

அக்கா பக்கத்தில் வந்து நின்று எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"நீ பாத்திருக்கே," என்றாள். "ஒவ்வொரு வாரமும் பாத்துட்டு, அழிச்சிருக்கே."

"நான்தான் தப்பா வரையறேன்னு நினைச்சேன்கா."

அக்கா சாவி வாரத்துப் பக்கத்தைத் தன் பக்கம் இழுத்தாள். திட்டப்போகிறாள் என்று நினைத்தேன்.

"அந்த வாரந்தான் லேப்ல முதல் தடவை கத்தி கை நழுவிச்சு," என்றாள். "கத்தி மொக்கைன்னு நினைச்சேன்டி. அதுக்கப்புறம் நாலு கத்தி மாத்திட்டேன்."

இருவருக்கும் சிரிப்பு வந்தது, பாதியிலேயே நின்றும் போனது. காலண்டரை எடுத்து எண்ணினேன். பதினொரு வாரம்.

திங்கட்கிழமை டாக்டரம்மா நோட்டை ஜன்னல் பக்கம் சாய்த்துச் சாய்த்துப் பார்த்தார். டெஸ்டையும் பார்த்துவிட்டு, புதன்கிழமையே ஆபரேஷன் செய்துவிடலாம், முழுசாகத் திரும்பும் என்று சத்தியம் செய்யமாட்டேன், ஆனால் நம்பிக்கையோடு வாருங்கள் என்றார். ஒரு படிவத்தைத் தள்ளினார். அதில் எத்தனை நாளாகத் தொந்தரவு என்று கேட்டு ஒரு கட்டம் இருந்தது.

அக்கா பேனாவை எடுத்தாள். பேனா விரல்களுக்கு நடுவே வழுக்கியது. எட்டி வாங்கி நானே எழுதிவிடலாம் என்று என் கை பாதி தூரம் போய்விட்டது. இழுத்து மடியில் வைத்துக்கொண்டேன். அக்கா பேனாவை மறுபடி பிடித்து, குழந்தை எழுதுவதுபோல் கோணல்மாணலாக, 'பதினொரு வாரம்' என்று எழுதினாள். எழுதி முடிக்கக் கொஞ்ச நேரம் பிடித்தது. நாங்கள் காத்திருந்தோம்.