மார்கழியில் அறுத்த நிலை

பனி இன்னும் தெருவை விட்டு எழவில்லை. அஸ்தினாபுரத்து மாடிகளும் அவற்றின்மேல் கருந்தொட்டிகளும் வெண்துகில் போர்த்தி நின்றன. மூலைக்கோயில் ஒலிபெருக்கியில், உறங்கும் தோழியரை வாயில்தோறும் சென்று எழுப்பும் மார்கழிப் பாட்டு பனியில் நனைந்து, பாதி சொல்லாகவும் பாதி ஈரமாகவும் வந்து சேர்ந்தது. ஜோதிலட்சுமி கோலமிட்டு, சாணப் பிள்ளையாரின் தலையில் பூசணிப்பூவைச் செருகிவிட்டு நிமிர்ந்தாள். வழக்கமாக அந்தப் பாட்டோடு அவள் உதடுகளும் அசையும். இன்று அசையவில்லை. அவள் நெஞ்சில் ஒரு கதவுநிலை அடைத்துக்கொண்டு நின்றது.

அவள் கணவர் மோகன்ராஜ் குரோம்பேட்டை ரயிலடிப் படிக்கட்டில் மழையன்று வழுக்கி விழுந்து இடுப்பெலும்பை முறித்துக்கொண்டவர். அறுவை முடிந்து இன்று மாலை வீடு திரும்புகிறார். எலும்பைப் பற்றி மருத்துவருக்குக் கவலையில்லை. மனிதர் தண்ணீர் குடிக்க மறுப்பதுதான் கவலை. தொலைபேசித் துறையில் காலமெல்லாம் கம்பம் ஏறி இறங்கிய அந்த மனிதருக்கு, படுக்கையிலேயே பாத்திரம் வைத்துச் சிறுநீர் பிடிப்பதைத் தாங்க முடியவில்லை. குடித்தால்தானே போகவேண்டும் என்று குடிப்பதையே குறைத்துவிட்டார். உதடு வெடித்தது, சிறுநீர் மஞ்சளித்தது, இப்படியே போனால் சிறுநீரகம் கெடும் என்று மருத்துவர் கடிந்துகொண்டார்.

"வூட்டுக்கு வந்தா என் பாத்ரூமுக்கு நானே நடந்து போவேன். அங்கயும் பாத்திரத்தை நீட்டுனீங்கன்னா, அப்பறம் ஒரு வாய்த் தண்ணி கேக்க மாட்டேன்" என்று அவளிடம் சொல்லியிருந்தார். அவர் சொன்னதைச் செய்கிற ஆள்.

நடப்பதற்கு வாக்கர் வேண்டும். அதை நேற்று வாங்கி வந்து, குளியலறை வாசலில் வைத்துப் பார்த்தபோதுதான் ஜோதிலட்சுமிக்குச் சிக்கல் தெரிந்தது. இருபுறமும் நிலையில் முட்டிக்கொண்டு, அரசவை வாயிலில் காவலர் மறித்த புலவனைப்போல் அது வெளியிலேயே நின்றது. மடக்கினால் நுழையும், ஆனால் ஊன்றி நடப்பதற்கு அது விரிந்தல்லவா இருக்கவேண்டும். பக்கவாட்டில் திரும்பி நடக்கவோ கூடாது என்பது மருத்துவரின் கட்டளை.

உடனே தச்சன் மாரியை அழைத்தாள். கைப்பேசியில் ஆயிரம் குரல் சரணம் கூவும் இரைச்சலுக்கு நடுவே அவன் குரல் வந்தது.

"சாமி, நான் எருமேலில கீறேன் சாமி. மலைக்குப் போய்கினு கீறோம். வந்தப்புறம் பாத்துக்கலாம் சாமி."

"மாரி, அவரு நாளைக்கே வராரே?"

"ஐயப்பன் பாத்துப்பாரு சாமி."

ஐயப்பன் பார்த்துக்கொள்வான்தான். ஆனால் மார்கழி பிறந்தால் தாம்பரத்துக்கும் ஊரப்பாக்கத்துக்கும் இடையில் உளி பிடிக்கிற கைகளெல்லாம் இருமுடி பிடித்துக்கொண்டு மலையேறிவிடும் என்பது இரண்டாயிரத்து ஒன்பதாம் ஆண்டிலும் மாறாதிருந்தது.

அப்போதுதான் அலமாரியின் மேல்தட்டில் கிடந்த, மரமறுக்கும் வாள் அவளுக்கு நினைவு வந்தது. சிங்கப்பூரில் வேலை பார்க்கும் தங்கை மகன் சக்தி ஆவணியில் வந்தபோது கொடுத்துவிட்டுப் போனது. முழங்கை நீளம்கூட இராது. கம்பி இல்லை, கைப்பிடிக்குள் பேட்டரியைச் செருகிவிட்டால் போதும். விசையை அழுத்தினால், மூக்கிலிருந்து நீண்ட அலகு மீன்கொத்தியின் தலைபோல் முன்னும் பின்னும் துடிக்கும். பெரிய பல் அலகு மரத்துக்கு, பொடிப்பல் அலகு இரும்புக்கு. பழைய கட்டிலின் காலொன்றை அறுத்துக் காட்டி, "அலகு வெளிய வர்ற எடத்துல இருக்கிற இந்தத் தகடு மரத்துல நல்லா அழுந்தியிருக்கணும் பெரியம்மா. அழுத்தலன்னா வாள் அறுக்காது, உங்களப் புடிச்சு ஆட்டும்" என்று சொல்லிக் கொடுத்திருந்தான். இரவே அதைச் சார்ஜில் போட்டாள்.

ஆனாலும் மார்கழி. நிலை வைப்பதும் நிலை எடுப்பதும் ஆகாத மாதம். மண்ணையும் மரத்தையும் மறந்து மாதவனை மட்டும் நினைக்கவேண்டிய மாதம். பள்ளியில் தமிழ் நடத்துகிறவள், அன்றாடம் பதிகம் பாடாமல் காப்பியைத் தொடாதவள், குளியலறை நிலைதானே என்று தன்னைத் தேற்றிக்கொள்ள முடியாமல் தவித்தாள். பின்பு, கருவியை முதலில் கடவுளிடம் காட்டி இசைவு கேட்டுவிடலாம் என்று தோன்றியது.

விடிவிளக்கின் ஒளியில் வாளைப் பலகைமேல் கிடத்தினாள். பேட்டரியைக் கழற்றி அருகில் நிறுத்தியபோது, அதன் தலையில் மூன்று பித்தளைப் பட்டைகள் பளிச்சிட்டன. பார்த்ததும் அவளுக்கு மெய் சிலிர்த்தது. அது ஒரு நெற்றியாகவே தெரிந்தது. வாளுக்கென்று முகம் ஏதும் இல்லாதிருக்க, இதோ இங்கே ஒரு முகம். திருநீற்றைக் குழைத்து அந்த மூன்று பட்டைகளின்மீதும் அழுந்தப் பூசி, நடுவில் சந்தனமும் குங்குமமும் வைத்தாள். சூடம் காட்டினாள். பேட்டரி ஒரு சின்னஞ்சிறு சிவனடியார்போல் அமைதியாக அமர்ந்திருந்தது.

பத்து மணிக்கு மின்சாரம் போனது. அந்நாளில் தினந்தோறும் போகிற மின்சாரம்தான். அது போன கையோடு அடுத்த வீட்டுச் சாராள் வந்தாள். தையற்கடை வைத்திருப்பவள், தன் வீட்டு வாசலில் கட்டிய காகித நட்சத்திரத்தின் பசை இன்னும் விரல்களில் ஒட்டியிருந்தது.

"இன்னாக்கா, கரண்ட் இல்லாத நேரத்துல கரண்ட் வாளை வச்சுகினு ஒக்காந்துக்கீறே?"

"இதுக்குக் கரண்ட் வேணாம் சாராள். பேட்டரி இருக்கு."

கதவை முன்னமே கீல் கழற்றிச் சுவரில் சாய்த்தாயிற்று. ஜோதிலட்சுமி பேட்டரியைச் செருகி, அலகை நிலைக்காலின் அடியில் வைத்து, கண்ணை மூடி விசையை அழுத்தினாள்.

ஒன்றும் நிகழவில்லை.

மறுபடி அழுத்தினாள். கழற்றிச் செருகி அழுத்தினாள். வாள் பேசவில்லை. அவள் முகம் வெளிறியதைச் சாராள் கண்டாள்.

"அவன் வேணாம்னு சொல்றான், சாராள்" என்றாள் ஜோதிலட்சுமி, மெல்ல. "மார்கழில நிலையில கை வைக்காதேன்னு சொல்றான். கேட்டேன்ல, பதில் சொல்லிட்டான்."

அப்படியே சுவரில் சாய்ந்து உட்கார்ந்தாள். மாலையில் வாசலில் வந்து நிற்கப்போகிற வண்டியும், அதிலிருந்து இறங்கப்போகிற வெடித்த உதடுகளும் கண்முன் வந்தன. பாத்திரத்தை நீட்டப்போகிறவள் அவள். முகத்தைத் திருப்பிக்கொள்ளப் போகிறவர் அவர். தண்ணீர்க் குவளை நிறைந்தது நிறைந்தபடியே கட்டிலருகில் நிற்கும். எப்போதும் கேட்கிறவர்க்கு இரங்குகிறவன் இன்று ஏன் இரங்கவில்லை?

சாராள் வாளை எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். தையல் எந்திரம் நின்றுபோனால் திறந்து பார்க்கிற பழக்கம் அவளுக்கு. பேட்டரியை உருவினாள். உருவியவள் அதன் தலையை விரலால் தேய்த்துப் பார்த்தாள்.

"அக்கா, இதுக்கு யாரு பட்டை போட்டது?"

"நான்தான். பூஜை பண்ணேன்."

"நெத்தின்னு நெனச்சு வாயில பூசிக்கீறே. இதுலேர்ந்துதான் கரண்டே வரணும். வாய் நெறைய விபூதியைப் போட்டு அடைச்சுட்டு, சாமி பேசலன்னா எப்படிப் பேசும்?"

ஜோதிலட்சுமி எட்டிப் பார்த்தாள். காய்ந்து இறுகிய திருநீறும் சந்தனமும் மூன்று பித்தளைப் பட்டைகளையும் சுண்ணாம்புபோல் மூடியிருந்தன. அவளுக்கு முதலில் நாணம் வந்தது. பின்பு எங்கிருந்தோ சிரிப்பு வந்தது. மருத்துவமனை வராந்தாவில் காத்திருந்த நாளெல்லாம் வராத சிரிப்பு.

"ஒங்க சாமி நல்ல சாமி. இந்தப் பேட்டரிதான் வேற மதம் போலக்கீது" என்றாள் சாராள், புடைவைத் தலைப்பால் துடைத்து, ஊசியால் இடுக்குகளைச் சுரண்டியபடி.

இம்முறை விசையைத் தொட்டதும் வாள் உறுமிற்று. ஜோதிலட்சுமியின் கை தோள்வரை நடுங்கியது. தகடு மரத்தில் அழுந்தவில்லை, அலகு துள்ளியது. சக்தி சொன்னது நினைவுவர, உடல்பாரத்தையெல்லாம் முன்கையில் இறக்கி அழுத்தினாள். துள்ளல் அடங்கிற்று. பல் பதிந்தது. நிலைக்காலின் அடியிலிருந்து பொன்னிறத் தூள் பொழியத் தொடங்கிற்று.

வேங்கை மரம். வீடு கட்டியபோது மோகன்ராஜ் தாமே போய்ப் பார்த்து எடுத்த மரம். இத்தனை காலம் சோப்புநீரும் ஈரமும் பட்டு மேலே கறுத்திருந்தாலும், உள்ளே அது மலையை மறந்திருக்கவில்லை. ஈரத் தரையில் விழுந்த தூள் மஞ்சளாகக் கரைந்து ஓடியது. ஜன்னலின் மங்கல் வெளிச்சத்தில் அந்தத் தூளின் புகையும் வெளியில் தங்கிய பனியும் ஒன்றுகலந்து, ஜோதிலட்சுமிக்குக் குளியலறை தெரியவில்லை. சாரல் விழும் ஒரு மலைச்சரிவு தெரிந்தது. பாறைமேல் பொன்பூ உதிர்ந்து கிடக்க, புலி பதுங்கியதென மருண்டு ஒரு யானை நின்றது. வாளின் உறுமல் தேனீக்களின் முரலலாயிற்று. மீனம்பாக்கத்தில் இறங்கும் விமானம் ஒன்று கூரைக்கு மேல் தாழ்ந்து சென்றது. அதுவும் அந்த மலைமேல் நகர்ந்த முகிலின் முழக்கமாகவே அவள் செவிக்குப் பட்டது. எவ்வளவு நேரம் அப்படி நின்றாளோ, கை மரத்துப்போனதுகூடத் தெரியவில்லை.

"அக்கா, அக்கா. அறுந்துபோச்சு. அப்புறம் தரையை அறுக்காதே."

கண் விழித்தவள்போல் விலகினாள். நிலைக்கால் அடியில் தரையைவிட்டு அறுந்து நின்றது. தலைப்பக்கத்தையும் அவ்வாறே அறுத்தார்கள். இனிச் சுவருக்குள் அதைப் பற்றிக்கொண்டிருக்கும் இரும்புப் பட்டைகள்தாம் பாக்கி. ஓரத்துச் சிமெண்டைச் சாராள் உளியால் கொத்திவிட, பொடிப்பல் அலகை மாட்டி, மரத்துக்கும் சுவருக்கும் இடையிலிருந்த சந்தில் அதைச் செலுத்தினாள் ஜோதிலட்சுமி. பொன் உதிர்ந்த இடத்தில் இப்போது சாம்பல் உதிர்ந்தது. இரும்பு சூடேறும் வாடை எழுந்தது. மேல்பட்டை அறுந்தது. நடுப்பட்டையும் அறுந்தது. கீழ்ப்பட்டையில் பாதி இறங்கியபோது, பேட்டரியின் பச்சைப் பொட்டு சிவந்தது. உறுமல் முனகலாகி, முனகல் மூச்சாகி நின்றது.

மின்சாரம் வரவில்லை. இரண்டு பெண்களும் நிலைக்காலைப் பிடித்து இழுத்தார்கள். அது அசைந்து கொடுத்தது, ஆனால் விடவில்லை.

ஜோதிலட்சுமி இன்னும் அந்த மலையிலிருந்து முழுவதும் இறங்கியிருக்கவில்லை. மரத்தில் கன்னத்தை வைத்து, "புலி, புலி" என்றாள்.

"இன்னாக்கா? எங்க புலி?"

"வேங்கை மரத்துல பூ பறிக்கப் போற பொண்ணுங்க அப்படித்தான் கத்துவாங்களாம். கத்தினா மரம் கிளையத் தாழ்த்திக் குடுக்குமாம். பழைய பாட்டுல வரும்."

சாராள் அவளை ஒருமுறை மேலும் கீழும் பார்த்தாள். பிறகு கடப்பாரையின் நுனியைச் சந்தில் செருகிக்கொண்டு, "சரி, நானும் கத்துறேன். ஒங்க மரத்துக்குக் காது கேக்குதான்னு பாப்போம். புலி, புலி" என்றாள்.

இருவரும் கூவிக்கொண்டே நெம்பினார்கள். பாதி அறுந்த இரும்பு வளைந்தது, திரும்ப வளைந்தது, மெல்லிய ஓர் ஓசையோடு முறிந்தது. நிலைக்கால் சுவரைவிட்டு விலகி, பொறுமையாக, ஒரு கிளை தாழ்வதுபோல் அவர்கள் தோளில் சாய்ந்தது.

மற்றப் பக்கத்துக் காலை எடுக்கப் பேட்டரியில் உயிரில்லை. வாக்கரைக் கொண்டுவந்து வைத்துப் பார்த்தார்கள். இருபுறமும் விரல்நுழையும் இடம் விட்டு, அது உள்ளே சென்றது. சாராள் கடைக்கு ஓடி, யாரோ சோபாவுக்கென்று கொடுத்து வாங்காமல் விட்ட தடித்த நீலத் துணியைக் கொண்டுவந்து, விளிம்படித்துத் திரையாக்கித் தொங்கவிட்டாள்.

மோகன்ராஜ் மாலையில் வந்தார். வண்டியிலிருந்து கட்டில்வரை நான்கு கைகள் தாங்க வந்து அமர்ந்தவர், முதலில் பார்த்தது நீலத் திரையை. பிறகு அதன் ஓரத்தில் செங்கல் தெரியப் பிளந்திருந்த சுவரை.

"யாரு எடுத்தது? மாரியா?"

"மாரி மலைக்குப் போயிருக்கான். நான்தாங்க எடுத்தேன்."

"மார்கழில நிலைய எடுத்தியா? நீயா?"

"ஒரு பக்கந்தான் எடுத்துக்கீறாங்க சார்" என்றாள் சாராள். "பாதிப் பாவம்."

அவர் சிரிக்கவில்லை. சுவரையும், ஜோதிலட்சுமியின் நகக்கண்ணில் ஏறியிருந்த மஞ்சளையும் மாறிமாறிப் பார்த்தார். கடைசியில், "அந்தச் சொம்பை எடு" என்றார்.

அண்ணாந்து குடித்தார். தொண்டை முடிச்சு ஏறி இறங்கிற்று. மார்பில் சிந்தியதைத் துடைக்காமல் சொம்பைக் காலிசெய்து கொடுத்துவிட்டு, இன்னொன்று கேட்டார்.

விளக்கேற்றும் நேரம் ஆனபோது வாக்கரைப் பற்றி எழுந்தார். ஜோதிலட்சுமி கூடவே எழுந்து கை நீட்டினாள். அவர் தலையசைத்து மறுத்தார். ஊன்றி, நின்று, ஊன்றி, ஓய்ந்து, திரைவரை சென்றார். துணி அவர் தோளில் வழிந்து, பின்னால் விழுந்து மூடிற்று. உள்ளே ரப்பர்க் கால்கள் ஈரத்தரையில் ஊன்றும் ஓசை கேட்டது.

அதற்குமேல் கேட்பது முறையன்று என்று அவளுக்குப் பட்டது. சாராளின் கையைப் பிடித்து அழைத்துக்கொண்டு வாசலுக்குப் போனாள். பனி மறுபடி இறங்கத் தொடங்கியிருந்தது.