பச்சை வயர்

என் வீட்டுக்காரருக்கு ஸ்க்ரூடிரைவரை எந்தப் பக்கம் பிடிப்பதென்று தெரிய வந்ததே போன வாரம்தான். அதற்குள் மகளுடைய பைக்குக்கு விளக்கு மாட்டக் கிளம்பிவிட்டார்.

காரணம் இல்லாமல் இல்லை. ஸ்மிதாவுக்கு மல்லாபூரில் ஒரு மருந்துக் கம்பெனியில் வேலை. இருட்டிய பிறகு லாரிகளுக்கு நடுவே மாரெட்பள்ளியில் இருக்கும் எங்கள் வீட்டுக்கு வர வேண்டும். அன்றைக்கு ஒரு டிப்பர் அவள் முழங்கையை உரசிக்கொண்டு போயிற்று. கம்பெனி பக்கத்திலேயே ஹாஸ்டலில் சேர்ந்துவிடுகிறேன் என்றாள். போனால் திரும்பி வரமாட்டாள் என்று எங்கள் இருவருக்கும் தெரியும்.

"ஞாயித்துக்கிழமை பின்னாடி பளிச்சு பளிச்சுன்னு மின்னுற மாதிரி லைட்டு போட்டுத் தரேன். இங்கேயே இரும்மா" என்றார் இவர்.

"சரே" என்று தெலுங்கில் ஒப்புக்கொண்டாள். விளக்கு எரிந்தால் இருப்பாள், இல்லாவிட்டால் போவாள் என்று ஏற்பாடு.

மெக்கானிக்கிடம் விடுங்களேன் என்றேன். கேட்பாரா? மெக்கானிக்கிடம் தெலுங்கில் பேச வேண்டுமே. இருபது வருஷமாக அந்த பாஷையை வாசல்படி ஏற விடாத மனுஷன். பால்காரரிலிருந்து மகளின் பள்ளிக்கூடம் வரை இவருக்கு வாயாக நான்தான் போனேன். மகளுக்குத் தமிழ் புரியும், பதில் மட்டும் தெலுங்கில் வரும். அப்பாவும் மகளும் பேசிக்கொள்ளவே இந்த வீட்டில் நான் நடுவில் நிற்க வேண்டும்.

அந்த ஞாயிற்றுக்கிழமை காலை நான் நடுவில் நிற்கவில்லை. அடுப்பில் குழம்பு கொதித்துக்கொண்டிருந்தது.

விளக்கின் இரும்புத் தகட்டை நம்பர் பிளேட்டுக்குக் கீழே நன்றாகவே இறுக்கியிருந்தார். அதிலிருந்து மஞ்சளும் பச்சையுமாக இரண்டு வயர்கள் வந்தன. ஸ்மிதா கேட் பக்கம் நின்று, விளக்கு விற்ற கடைக்காரரிடம் போனில் கேட்டுக்கொண்டிருந்தாள்.

"பேட்டரிக்கு எந்த வயர்மா?"

"பச்சதி, டாடி."

ஜன்னல் வழியாக இரண்டும் என் காதில் விழுந்தன. தெலுங்கில் பச்ச என்றால் மஞ்சள். மஞ்சள் காமாலையையே இங்கே பச்ச காமெர்லு என்பார்கள். கரண்டியைப் போட்டுவிட்டு, "ஏங்க, பச்சை இல்ல!" என்று நான் வாசலுக்கு ஓடுவதற்குள் பச்சை வயரைப் பேட்டரியில் முறுக்கிவிட்டார்.

பச்சை, அந்த இரும்புத் தகட்டோடு சேர்ந்த வயராம். தகடு வண்டியின் உடம்போடு சேர்ந்தது, அதனால் நேராக ஷார்ட் சர்க்யூட். நடுவில் ஃப்யூஸ் போட வேண்டும் என்பதும் இவருக்குத் தெரியாது. சீட்டுக்கு அடியில் புகை வந்தது. உருகிய வயர், வண்டியின் சொந்த வயர்களையும் சேர்த்து உருக்கியது. வெறும் கையால் பிடித்து இழுத்தார். விரல்கள் வெந்துபோயின.

ஸ்மிதா ஓடி வந்து வண்டியைத்தான் பார்த்தாள்.

"பச்ச அண்டே எல்லோ, டாடி! எல்லோ!"

"பச்சைன்னுதானேம்மா சொன்ன?"

எனக்கு ஆத்திரம் வந்தது. பக்கத்து வீட்டுக்காரன் பாஷையைக் கற்றுக்கொள்ளாமலே காலம் தள்ளிய இவர் திமிரை நினைத்தா, பெற்ற அப்பனிடம் அவன் பாஷையில் ஒரு நிறத்தைச் சொல்லக்கூட மெனக்கெடாத அவளை நினைத்தா, தெரியவில்லை. இரண்டு பேரையும் அறையலாம் போலிருந்தது.

அவள் மறுபடியும் போனை எடுத்தாள். ஹாஸ்டலில் இருக்கும் தோழி ப்ரியாவிடம் பேசினாள்.

"மா டாடீகி ஏமீ ராது. நேனு ஹாஸ்டல்கே வஸ்துன்னா."

எங்கள் டாடிக்கு ஒன்றும் தெரியாது, நான் ஹாஸ்டலுக்கே வருகிறேன் என்கிறாள். அவர் முன்னாலேயே சொன்னாள். அவருக்குப் புரியாது என்ற தைரியம்தான்.

பை எடுக்க உள்ளே போனாள். நான் அவர் விரல்களில் தண்ணீர் ஊற்றினேன். என்ன சொன்னாள் என்று வழக்கம்போல என்னைக் கேட்பார் என்று பார்த்தேன். கேட்கவில்லை. நானாகவே ஆரம்பித்தேன்.

"வண்டி ரிப்பேராகிற வரைக்கும்தான் ஹாஸ்டலாம். அப்பாவுக்குக் கை சுட்டுடுச்சேன்னு வருத்தப்பட்டுச் சொல்றா."

"சும்மா இரு, சகுந்தலா" என்றார். "இந்தத் தெலுங்கு எனக்குப் புரிஞ்சுது."