மகன் இருக்கிறார்

என் மகன் எனக்குச் சோறு போடுவதில்லை என்று அரசாங்கத்துக்கு எழுதிக் கொடுத்திருக்கிறேன். பச்சைப் பொய். அதில் என் கையெழுத்து இருக்கிறது, தேதி இருக்கிறது, என் போட்டோ ஒட்டியிருக்கிறது. அப்படி எழுதச் சொன்னவர்கள் பேர் மட்டும் எங்கேயும் இல்லை.

என் பெயர் சுப்புலட்சுமி. வயது அறுபத்தைந்து. மண்ணரையில் ஒரு லைன் வீட்டில் நானும் மகன் வேல்குமாரும் இருக்கிறோம். அவன் அப்பா போய்ப் பதினெட்டு வருஷம் ஆகிறது. பனியன் கம்பெனிகளில் இருபத்தாறு வருஷம் செக்கிங் வேலை பார்த்தேன். காலை எட்டரைக்கு நின்றால் ராத்திரி எட்டரைக்குத்தான் உட்காருவேன். ஓட்டை, கறை, தையல் விட்ட இடம் எல்லாவற்றையும் கண்டுபிடித்துக் கொடுத்தேன். என் பேர் எந்தக் கம்பெனி ரெஜிஸ்டரிலும் ஏறவில்லை என்பதை மட்டும் கண்டுபிடிக்கவில்லை. எல்லாம் காண்ட்ராக்ட். முட்டி தேய்ந்து, சர்க்கரையும் வந்து, நிற்க முடியாமல் போனதும் வீட்டில் ரெஸ்ட் எடுங்கக்கா என்று அனுப்பிவிட்டார்கள். பி.எஃப். என்று வாயைத் திறந்திருந்தால் சிரித்திருப்பார்கள்.

வேல்குமார் பனியன் ஓரம் தைக்கும் ஓவர்லாக் டெய்லர். முப்பத்து நான்கு வயது. தங்கமான பிள்ளை, பெற்றவள் என்பதால் சொல்லவில்லை. விடிந்ததும் வெந்நீர் வைத்து என் முட்டிக்கு ஒத்தடம் கொடுத்துவிட்டுத்தான் வேலைக்குக் கிளம்புவான். அவனுக்கு வந்த இரண்டு சம்பந்தமும் என்னால்தான் தட்டிப் போயின. வாடகை வீடு, ஒரே சம்பளம், நோயாளி அம்மா. மாத்திரைச் செலவை யார் பார்ப்பது என்று பெண் வீட்டார் கேட்டார்கள். கேட்டதில் தப்பில்லை. இப்போது ஆர்டர் குறைந்து வாரத்தில் நாலு நாள்தான் வேலை வேறு. முதியோர் பென்ஷன் வாங்கிவிட்டால் என் மாத்திரை என் பாடு, அவனுக்கும் ஒருத்தி வந்து சேருவாள் என்று நினைத்தேன். அதற்காகத்தான் அலைந்தேன். சேலை எடுக்கவோ சினிமா பார்க்கவோ அல்ல.

எங்கே போய்க் கேட்பது என்றே ஆறு மாதம் தெரியவில்லை. ரேஷன் கடையில் ஈ-சேவை மையத்துக்குப் போகச் சொன்னார்கள். ஈ-சேவையில் ஆதாரில் வயசு தப்பு என்றார்கள். அதைத் திருத்த மூன்று நடை. மூன்றும் முட்டியைப் பிடித்துக்கொண்டு பஸ்ஸில். ஒருவழியாக மனுப் போட்டு இரண்டு மாதம் கழித்துப் போனில் செய்தி வந்தது. நிராகரிக்கப்பட்டது. காரணம்: மகன் இருக்கிறார்.

மகன் இருக்கிறான் என்பதை எனக்குச் சொல்ல இரண்டு மாதமா? பெற்றவளுக்குத் தெரியாதா?

மறுபடி மனுப் போட்டேன். விசாரணைக்கு ஒருவர் வந்தபோது நான் ஆஸ்பத்திரியில் மாத்திரை வரிசையில் நின்றிருந்தேன். அவர் பக்கத்து வீட்டு அஜீஸுன்னிசாவிடம் கேட்டிருக்கிறார். இருபது வருஷமாக ஒரே சுவருக்கு இந்தப் பக்கம் நான், அந்தப் பக்கம் அவள். ஒரு பிள்ளையைப் பற்றி வெளியாள் கேட்டால் நாலு நல்ல வார்த்தை சொல்லி அனுப்புவதுதான் எங்கள் பக்கத்து வழக்கம். அவளும் வாயாரச் சொல்லியிருக்கிறாள், அம்மாவை உள்ளங்கையில் வைத்துத் தாங்குகிறான் என்று. அந்த நல்ல வார்த்தைக்கு இரண்டாவது நிராகரிப்பு வந்தது.

நேராக ஆபீசுக்கே போனேன். பென்ஷன் பிரிவில் இருந்தவருக்கு என் மகன் வயதுதான் இருக்கும். மரியாதையாகப் பேசினார். அந்த மரியாதைதான் எனக்கு வயிற்றெரிச்சல். மகன் பார்ப்பதில்லை என்று ஒரு வரி எழுதிக் கொடுத்துவிடுங்கள், எல்லோரும் அப்படித்தான் எழுதுகிறார்கள் என்றார். அவன் பார்க்கிறானே என்றேன்.

"அப்பறம் பென்ஷன் எதுக்குங்க?" என்றார்.

எதற்கென்றா கேட்கிறாய்? இருபத்தாறு வருஷம் நின்றதற்கு. நீ போட்டிருக்கிற பனியனில் ஓட்டை இல்லாமல் இருப்பதற்கு. இதெல்லாம் தொண்டை வரைக்கும் வந்தது. சாமி வரம் கொடுத்தாலும் பூசாரி கொடுக்க வேண்டுமே என்று முழுங்கிக்கொண்டு வீடு வந்து சேர்ந்தேன்.

விஷயத்தைக் கேட்டு வேல்குமார் சிரித்தான். இதற்கா இத்தனை கோபம், வெறும் பேப்பர்தானே என்று அவனே உட்கார்ந்து எழுதினான். என் மகன் என்னைக் கவனிப்பதில்லை, உணவு அளிப்பதில்லை, நான் ஆதரவற்றவள். குண்டு குண்டாக அழகான கையெழுத்து அவனுக்கு. நான் கீழே கையெழுத்துப் போட்டு, மூன்றாவது மனுவோடு சேர்த்துக் கொடுத்தேன். அதோடு விட்டானா? லைனில் உள்ள ஒவ்வொரு வீட்டுக்கும் போய், விசாரிக்க ஆள் வருவார்கள், என்னை நன்றாகத் திட்டி அனுப்புங்கள் என்று சொல்லிவிட்டு வந்தான். போன தடவை தன்னால் கெட்டது என்று அஜீஸுன்னிசாவுக்கு உறுத்தல். இந்தத் தடவை பாருங்கக்கா என்றாள்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை கிருத்திகை. வேல்குமார் வண்டியில் வைத்து என்னை முருகன் கோயிலுக்குக் கூட்டிப் போனான். அவன் என் கையைப் பிடித்து ஒவ்வொரு படியாக ஏற்றிக்கொண்டிருந்த நேரத்தில் எங்கள் வீட்டு வாசலுக்கு ஒருவர் வந்திருக்கிறார். வெள்ளை வேட்டி, வெள்ளைச் சட்டை, கக்கத்தில் பை. வேல்குமார் ஊடு எதுங்க, பையன் எப்படிங்க, அம்மாவை நல்லாப் பார்த்துக்கறாருங்களா என்று கேட்டிருக்கிறார்.

அஜீஸுன்னிசா பிடித்துக்கொண்டாள். அந்த அம்மாளுக்கு எங்கள் வீட்டில்தான் சோறு என்றாள். சனிக்கிழமை சம்பளம் வாங்கினால் குடித்துவிட்டுத்தான் வருவான் என்றாள். ஒரு தடவை கையை ஓங்கினான், நான்தான் தடுத்தேன் என்றாள். எதிர்வீட்டுக்காரியும் சேர்ந்துகொண்டாள். வந்தவர் எல்லாவற்றையும் நின்று கேட்டுக்கொண்டு, நல்லதுங்க என்று கும்பிட்டுவிட்டுப் போயிருக்கிறார்.

சாயங்காலம் கல்யாணத் தரகர் சீனிச்சாமி போன் செய்தார். வந்தது ஆபீஸ் ஆள் இல்லை. கணியூர் பெருமாள்சாமி. அவர் மகள் நிர்மலாவுக்கும் வேல்குமாருக்கும் ஜாதகம் பொருந்தி, மாப்பிள்ளையைப் பற்றி அக்கம்பக்கத்தில் சொல்லாமல் கொள்ளாமல் விசாரிக்க வந்தவர். பெற்றவளைப் பார்க்காதவன் எம் பொண்ணை எங்கே பார்ப்பான் என்று சொல்லிவிட்டாராம்.

அஜீஸுன்னிசா தன் வாயிலேயே அடித்துக்கொண்டு அழுதாள். நான் அவளை வாய்க்கு வந்தபடி திட்டினேன். அது பாவம், எனக்குத் தெரியும். திட்ட வேண்டியவர்கள் ஆபீஸ் கவுண்டருக்குப் பின்னால் இருந்தார்கள். என் கைக்கு எட்டியது அவள்தான்.

பத்தாம் நாள் போனில் செய்தி வந்தது. விசாரணை முடிந்து பென்ஷன் அனுமதிக்கப்பட்டதாம். என்ன விசாரணை? ஒரு ஈ காக்காய் வரவில்லை. நான் இரண்டு தடவை உண்மையைச் சொன்னபோது நம்பாதவர்கள், பொய்யை உட்கார்ந்த இடத்திலிருந்தே நம்பிவிட்டார்கள். போனைச் சுவரில் எறியலாம் போல இருந்தது. அதுவும் அவன் வாங்கிக் கொடுத்த போன்.

நானும் அஜீஸுன்னிசாவும் பஸ் ஏறிக் கணியூருக்குப் போனோம். பெருமாள்சாமி உட்காரச் சொன்னார், காபி கொடுத்தார். நாங்கள் நடந்ததை ஒன்று விடாமல் சொன்னோம். அவள் அல்லா மேல் ஆணையிட்டாள், நான் முருகன் மேல் ஆணையிட்டேன். அவர் தன் காபி டம்ளரைக் கீழே வைத்தார்.

"நம்பறனுங்க. ஆனா எஞ்சொந்தக்காரங்க நாளைக்குக் கேப்பாங்க. அந்தப் பேப்பரு கெவுருமெண்டுல நிக்குதுங்களே. அதை ரத்துப் பண்ணிட்டு வாங்க, நாளே குறிச்சரலாம்."

நியாயமான மனுஷன். இத்தனை அலைச்சலில் எனக்கு நேராகப் பதில் சொன்னவர் அவர் ஒருவர்தான். பென்ஷன் போனால் போகிறது, பையனுக்குக் குடும்பம் ஆகட்டும் என்று திரும்பி வரும்போதே முடிவு செய்துவிட்டேன்.

மறுநாள் ஆபீசில் அதே தம்பி. வேண்டாம் என்று சொல்ல வந்த முதல் ஆள் நான்தானாம், ஆச்சரியப்பட்டார். ரத்து செய்ய வேண்டுமானால் மகன் நேரில் வந்து, அம்மாவை இனி நான் பார்த்துக்கொள்கிறேன் என்று எழுதிக் கையெழுத்துப் போட வேண்டும் என்றார். ஒரு தடவை போட்டுவிட்டால் பிறகு எனக்குப் பென்ஷன் கிடைப்பது கஷ்டம் என்பதையும் சொன்னார். போன் செய்து வேல்குமாரை வரவழைத்தேன். அரை நாள் லீவு போட்டு, தலையில் பஞ்சுத் தூசியோடு வந்தான்.

பேப்பரை வாங்கி இரண்டு தடவை படித்தான். பேனாவைத் திறந்தான். பிறகு மூடிக் கவுண்டரில் வைத்துவிட்டான்.

"நான் போட மாட்டேம்மா," என்றான். "நாளைக்கே கம்பெனியப் பூட்டுனாலும் பூட்டிருவாங்க. அப்ப உங்க மாத்திரைக்கு நான் எங்கீங்க போவேன்? பென்ஷன் இருக்கட்டும். எனக்குக் கல்யாணம் ஆகாட்டிப் போகுது."

கெஞ்சினேன். சாமி, கண்ணு என்றேன். நான் செத்தால் உனக்கு யாருடா என்றேன். அவன் அசையவில்லை. கவுண்டரில் இருந்தவர் எங்கள் இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தார். அவனைப் பார்த்தபோது முகத்தில் இருந்த மரியாதை போய்விட்டது. பேப்பரை இழுத்துக்கொண்டார்.

"பாருங்கம்மா. பாத்துக்கறன்னு ஒரு கையெழுத்துப் போடறதுக்கே மாட்டேங்கறாரு. நீங்க எழுதிக் குடுத்தது சரிதானுங்க."

அதையே என் பைலில் எழுதினார். மகன் நேரில் ஆஜராகி, தாயைப் பராமரிக்க மறுத்துவிட்டார். சத்தமாகப் படித்தும் காட்டினார். கவுண்டரை ஓங்கித் தட்டினேன். அவன் என்னைப் பார்க்கிறான்டா, பார்ப்பதால்தான்டா போட மாட்டேன் என்கிறான் என்று கத்தினேன். பெற்ற பாசம் பேச வைக்கிறது என்றார் பக்கத்து மேஜைக்காரர். சத்தம் போடாதீங்கம்மா, மற்றவர்களுக்கு வேலை இருக்கிறது என்றார் இவர்.

வேல்குமார் என் இடுப்பில் கை கொடுத்து ஒவ்வொரு படியாக இறக்கினான். வரிசையில் என் வயதுக்காரிகள் பத்துப் பேர் நின்றிருந்தார்கள். எல்லாம் காதில் விழுந்திருக்கிறது. அதில் ஒருத்தி, பெத்தவளுக்குச் சோறு போடாத நீயெல்லாம் ஒரு ஆம்பளையா என்று கேட்டு அவன் காலடியில் காறித் துப்பினாள். அவள் கையிலும் ஒரு மனு இருந்தது. அவள் மகன் என்ன செய்கிறானோ எனக்குத் தெரியாது, ஆனால் அதில் என்ன எழுதியிருக்கும் என்று தெரியும்.