சேதாரமில்லாத லென்ஸ்

2007 ஆயுத பூஜையன்று காலை பத்தே கால். கோவில்பட்டிக்கு வெளியே, தீப்பெட்டி ஆபீஸ் முதலாளி தங்கசாமி கட்டிய பொறியியல் கல்லூரியின் இயற்பியல் கூடத்தில் திருப்புளிக்குக்கூடப் பொட்டு வைத்தாயிற்று. விரிவுரையாளர் ஜெயப்பிரியாவின் லென்ஸ் மட்டும் மேசை இழுப்பறைக்குள் கிடந்தது. ஒளித்து வைத்தவள் அவளேதான்.

வளைந்த கண்ணாடி அல்ல அது. தட்டையான கண்ணாடித் துண்டு, அதன்மேல் வெள்ளிப் படலம். தலைமுடிப் பருமனில் ஆயிரத்தில் ஒரு பங்குகூட வராது. ஒளியின் அலைநீளத்தைவிட மிகச் சிறியதைச் சாதாரண லென்ஸ் காட்டாது, இது காட்டும். ஆனால் வெள்ளி, வழியில் ஒளியைத் தின்றுவிடும். உருவம் மங்கிப்போகும். தின்றதை ஈடுகட்ட, படலத்தின்மேல் ஒளியூட்டும் சாயம் ஒன்றைப் பூசியிருந்தாள். ஐந்து வருட ஆராய்ச்சியில் தேறியது இந்த ஒரு துண்டுதான். திங்கட்கிழமை பெங்களூரில் அளந்து காட்டினால் டாக்டர் பட்டம். இல்லையென்றால் முதலிலிருந்து.

ஜெர்மன்காரன் கண்ணுக்குப் படாததும் நம் கல்லூரி லென்ஸில் தெரியும் என்று தங்கசாமி எட்டயபுரம் ரோடு வரைக்கும் பிளெக்ஸ் வைத்திருந்தார். அதில் அவர் ஆளுயரம், ஜெயப்பிரியா தபால்தலை அளவு. லென்ஸுக்கு இடம் போதவில்லை.

"எங்கம்மா நம்ம லென்ஸு?" சந்தனக் கிண்ணத்தோடு வந்து நின்றார் தங்கசாமி.

"அதைத் தொடக் கூடாது அண்ணாச்சி."

"சாமி காரியத்துக்குமா?"

ஆய்வுக்கூட உதவியாளர் சுடலைக்கண்ணு நல்லவர். இழுப்பறையைத் திறந்துவிட்டார்.

"இந்தா இருக்கு அண்ணாச்சி. மேடம் மறந்துட்டாவ. இதுக்கு மட்டும் பொட்டு வைக்காம விட்டா விளங்காமல்லா போயிரும்?"

அவள் பாய்ந்து வருவதற்குள் தங்கசாமி திருநீறு இழுத்துச் சந்தனம் வைத்துவிட்டார். விசேஷமான பொருள் என்பதால் குங்குமம் தாராளமாகவே விழுந்தது. போட்டோகாரர் இரண்டு முறை எடுத்தார்.

பிறகுதான் அவள் முகத்தைப் பார்த்தார்.

"ஏம்மா அழுதீங்க? அழுக்காயிட்டா? இந்தா, ஒரு நிமிசம்."

தோள் துண்டைப் பன்னீரில் நனைத்தார். அழுத்தித் துடைத்தார். ஓரத்தை நகத்தால் சுரண்டினார். எந்த வேலையையும் அரைகுறையாகச் செய்கிற ஆளில்லை. சந்தனம் போனது. சாயம் போனது. வெள்ளியும் போனது.

கண்ணாடித் துண்டை ஜன்னலுக்கு நேரே பிடித்து ஒற்றைக் கண்ணால் பார்த்தார். விதைப்புக்கு உழுத கரிசல், அதில் ஓர் ஆடு.

"அடேயப்பா! ஒரு துளி வெளிச்சம்கூடச் சேதாரமில்லாம அப்படியே வருதே. இதைத்தானம்மா அஞ்சு வருசமாத் தேடுதீங்க?"