முதலில் போன குரல்

மூடுபனியில் பஸ் ஊர்ந்து வந்ததால், பதினொரு மணி நிகழ்ச்சிக்கு ஒரு நிமிடம் இருக்கும்போதுதான் நானும் டோரிஸும் ஒளிபரப்பு அறைக்குள் ஓடினோம். அவள் பியானோ வாசிப்பவள், நான் பாடுகிறவள். இருட்டில் நாற்காலியைத் தடவிக் கண்டுபிடித்து உட்கார்ந்தேன். இயந்திரம் சூடேறுவதற்காக முன்பே ஓடவிட்டிருந்த வெளிச்சம் முகத்தில் படபடத்தது. அந்த வெளிச்சத்தில் உட்கார்ந்தால் எதிரே யார் நிற்கிறார்கள் என்றுகூடத் தெரியாது.

1929இல் தொலைக்காட்சி என்றால் இப்படித்தான். கிடைத்தது ஒரே அலைவரிசை. முதல் இரண்டு நிமிடம் முகம் மட்டும் போகும், அடுத்த இரண்டு நிமிடம் குரல் மட்டும் போகும். முகம் போகும்போது உதடு அசைந்தால் போதும். லண்டன் முழுக்க இருந்த கொஞ்சநஞ்சப் பெட்டிகளில் என் மூக்கு தெரிந்தாலே பெரிய விஷயம். அதனால் அந்த இரண்டு நிமிடமும் நாங்கள் ஊர்வம்பு பேசுவோம்.

அந்தப் பெட்டிகளில் ஒன்று க்ளாப்ஹாமில் பெர்சி ஆட்லம் வீட்டில் இருந்தது. கடிகாரம் பழுது பார்ப்பவர். என்னைப் பார்ப்பதற்கென்றே நான்கு மாதம் உட்கார்ந்து தன் கையால் செய்தார். இன்று தன் அம்மாவையும் பக்கத்தில் வைத்துக்கொண்டு பார்க்கிறார். ஞாயிற்றுக்கிழமை மோதிரத்தோடு வருகிறார்.

“பெர்சிக்கு என்னடி பதில் சொல்லப்போற?” என்றாள் டோரிஸ்.

“சரின்னுதான். வேற என்ன சொல்ல? தங்கமான மனுஷன். ஆனா பக்கத்துல உக்காந்தா எப்படா எந்திரிச்சு ஓடலாம்னு இருக்கு. அவர் மேல துளி ஆசையில்ல டோரிஸ்.”

“அப்ப வேண்டாம்னு சொல்லித் தொலையேன்.”

“நாலு மாசம் கண்ணு புண்ணாகுற அளவுக்குச் செஞ்சிருக்கார். எந்த வாயால சொல்றது?”

பொறியாளர் கெயின் கதவைத் தள்ளிக்கொண்டு வந்தார். படம் அனுப்பும் மோட்டாரோடு மல்லுக்கட்டியதில், வெளியே போகும் ஒலியைக் கேட்கும் காதுக்கருவியைக் கழற்றி வைத்திருந்தாராம்.

“ஒலிய அணைச்சுட்டேன். இன்னிக்கு முதல்ல குரல், அப்புறம்தான் முகம்னு கதவுல ஒட்டியிருக்கே மிஸ், பாக்கலையா? பேசுனது அத்தனையும் வெளிய போயிருச்சு.”

டோரிஸ் வாயைப் பொத்திக்கொண்டாள். எனக்குச் செத்துப்போகலாம் போலிருந்தது. அதற்கடியில் கொஞ்சம் நிம்மதியும் இருந்தது. அதுதான் இன்னும் அசிங்கமாக இருந்தது.

“நான் போறேன்” என்று எழுந்தேன்.

“எங்க போறீங்க? இப்ப முகம் போகுது. அசையாம உக்காருங்க.”

உட்கார்ந்தேன். மன்னிச்சிடுங்க பெர்சி என்று உதட்டை அசைத்தேன். அந்தப் படத்தில் வாய் என்பது ஒரு கறுப்புத் தீற்றல், அவ்வளவுதான். மேலும், பெட்டியில் படம் தானாக நிற்காது. பக்கத்திலுள்ள திருகை விரலால் திருத்திக்கொண்டே இருக்க வேண்டும்; கையை எடுத்தால் முகம் நழுவி ஓடிவிடும். க்ளாப்ஹாமில் அவர் இன்னும் அதைப் பிடித்திருக்கிறாரா, கையை எடுத்துவிட்டாரா என்று தெரியாமல், கண் கூசக் கூச, வெளிச்சத்துக்கு முகத்தைக் காட்டிக்கொண்டிருந்தேன்.