மெதுவாகப் போகிற விமானம்

என் மகன் அமலநாதன் பிரெஞ்சு தேசத்தில், தூலூஸில் வேலை பார்க்கிறான். வருஷத்துக்கு ஒரு முறை வக்கான்ஸ் லீவுக்கு வருவான். வந்த மறுநாளே சிநேகிதர்களோடு ஊட்டி, மகாபலிபுரம் என்று கிளம்பிவிடுவான். எனக்கு மிஞ்சுவது அவனுடைய அழுக்குத் துணி. இந்தத் தடவை விடுவதில்லை என்று தீர்மானித்தேன்.

போனில் அவனே வழி சொன்னான். "விமானம் ஓட்டுற கம்ப்யூட்டர் வெளையாட்டும்மா. சிநேகிதன் வீட்டுல உக்காந்தா ஞாயித்துக்கெழம பூரா எழுந்திருக்க மாட்டேன்."

அது நம் வீட்டிலேயே இருந்தால் பிள்ளை எங்கே போகப்போகிறான்?

ரெட்டியார்பாளையத்தில் தெய்வசிகாமணி புதிதாகக் கம்ப்யூட்டர் கடை வைத்திருந்தான். என் வீட்டுக்காரர் விட்டுப்போன பிரெஞ்சு பென்ஷனை நான் ஒருத்தி என்ன செய்யப்போகிறேன்? போனேன். பச்சைத் திரையா, கலர் திரையா என்றான். கலர்தான். நீலமாக இல்லாவிட்டால் அது என்ன வானம்? விமானத்தைத் திருப்புகிற கைப்பிடியில் நல்ல கெட்டியானதாக எடுத்தேன். என் பிள்ளைக்கு முரட்டுக் கை. கடைசியில் பச்சை அட்டைகள் இரண்டை நீட்டினான்.

"கம்ப்யூட்டருக்கு மூளையே இதாம்மா. இது பழசு, மெதுவா ஓடும். இது டர்போ, பிச்சிக்கிட்டுப் போவும்."

"டர்போ போட்டா வெளையாட்டு சீக்கிரம் முடிஞ்சிடுமா?"

"எல்லாமே சீக்கிரந்தாம்மா."

"அப்ப வேணாம். மெதுவா ஓடறதையே போடு."

"வெளையாடறவங்க வேகந்தாம்மா கேப்பாங்க."

"வெளையாடப்போறது என் புள்ள. எனக்குத் தெரியாதா?"

தலையைச் சொறிந்துகொண்டே பழையதைப் பொருத்தினான். பெரிய கெட்டிக்காரி மாதிரி வீட்டுக்கு வந்தேன். விமானம் மெல்லப் போனால் பிள்ளையும் மெல்லத்தானே எழுந்திருப்பான்?

ஜூலையில் வந்தான். கம்ப்யூட்டரைப் பார்த்ததும் தோள்பையைக்கூட இறக்காமல் என்னைக் கட்டிக்கொண்டான். பக்கத்தில் எனக்கும் ஒரு நாற்காலி போட்டு வைத்திருந்தேன். கொண்டுவந்த விளையாட்டு பிளாப்பியைப் போட்டான். விமானம் எழும்பியது. கைப்பிடியைத் திருப்பினான். படம் யோசித்து யோசித்துத் திரும்பியது. கறிக்குழம்பை இறக்கி வைத்துவிட்டு நான் வருவதற்குள் எழுந்து நின்றான்.

"எவம்மா இத உன் தலையில கட்டுனது? ஆமை மாதிரி நகருது. டர்போ போட்டிருந்தா இந்த எடத்த வுட்டு அசைஞ்சிருக்க மாட்டேன்."

வாசலில் மோட்டார் சைக்கிள் ஹார்ன் கேட்டது.

"மகாபலிபுரம் போயிட்டு வந்துர்றேம்மா. சாப்பாடு வெளிய பாத்துக்கறேன்."

கம்ப்யூட்டரை நிறுத்தாமலே போய்விட்டான். நீல வானத்தில் விமானம் விட்டுவிட்டு நகர்ந்துகொண்டிருந்தது. அதை இறக்க எனக்குத் தெரியாது. நிறுத்தவும் மனசு வரவில்லை. அவன் நாற்காலியில் உட்கார்ந்தேன். இன்னும் சூடாக இருந்தது. அழுகை பொத்துக்கொண்டு வந்தது.

விமானத்தை என்ன சொல்ல? மெதுவாகப் போகச் சொன்னது நான்தானே.